எச்.ஆர். படித்தவருக்கு அரசு வேலை: பொதுத்துறையா, வங்கியா, ரயில்வேயா, தொழிலாளர் துறையா?

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) அல்லது எம்.பி.ஏ. மனிதவளம் (எச்.ஆர்.) முடிக்கப்போகும் பிள்ளைகள் முதலில் கேட்பது சம்பளத்தைப் பற்றித்தான். "பொதுத்துறைக் கம்பெனியில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 50,000, பேங்க்கில் 48,480, பி.எஃப். ஆபீசில் 47,600. அப்போ கம்பெனிதானே மேல்?" என்று கணக்குப் போட்டுக்கொண்டே வருவார்கள். கேட்பதில் தப்பில்லை. கல்விக்கடன் இருக்கும், தங்கைக்குக் கல்யாணம் இருக்கும், அப்பாவுக்கு ஓய்வு நெருங்கும். ஆனால் இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தப்பான முடிவுக்குத்தான் போவோம். மூன்றும் வெவ்வேறு சம்பள முறைகள். ஒவ்வொன்றுக்கும் அகவிலைப்படி வேறு ஆண்டிலிருந்து கணக்காகிறது, கூட வரும் படிகளும் வேறு.

முழுக் கணக்கையும் போட்டுப் பார்த்தால், சேரும் மாதத்தில் கைக்கு வருவதில் இந்த மூன்று வேலைகளுக்குள் பெரிய இடைவெளி கிடையாது. இடைவெளி இருப்பது மூன்று விஷயங்களில்: அந்த வேலைக்கான வாசல் எத்தனை வருடத்துக்கு ஒரு முறை திறக்கிறது, எந்த ஊரில் குடியிருக்க வேண்டும், தினமும் காலையில் போய் என்ன செய்ய வேண்டும். முடிவை இந்த மூன்றையும் வைத்து எடுக்கச் சொல்வேன்.

முதலில் பேசிக் கணக்கு

மத்திய அரசில் ஏழாவது ஊதியக் குழுவின் நிலைகள் 2016 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. நமக்கு வேண்டியவை நான்கு: நிலை 6, தொடக்கம் 35,400 ரூபாய், நிலை 7, 44,900, நிலை 8, 47,600, நிலை 10, 56,100. இதன் மேல் அகவிலைப்படி 2025 ஜூலை நிலவரப்படி 58 சதவீதம். வீட்டு வாடகைப்படி சென்னையில் 30, மதுரை, திருச்சி, சேலம், கோவை போன்ற ஊர்களில் 20, சிறு ஊர்களில் 10 சதவீதம். போக்குவரத்துப்படி தனி, அதற்கும் அகவிலைப்படி உண்டு.

சென்னையில் நிலை 8இல் சேருகிறவருக்குப் பேசிக் 47,600, அகவிலைப்படி 27,608, வாடகைப்படி 14,280, போக்குவரத்து 5,688. மொத்தம் சுமார் 95 ஆயிரம். அதே ஊரில் நிலை 10 என்றால் சுமார் 1 லட்சத்து 17 ஆயிரம். மதுரையில் நிலை 6 என்றால் 66 ஆயிரம் பக்கம் வரும். ஓய்வூதியப் பிடித்தமும் வருமான வரியும் இதிலிருந்து போகும்.

மத்தியப் பொதுத்துறை நிறுவன அதிகாரிகளுக்கு 2017 ஜனவரி 1 முதல் வேறு விகிதம். இ-1, இ-2 என்பவை அதிகாரி நிலைகள். இ-1 40,000 முதல் 1,40,000 வரை, இ-2 50,000 முதல் 1,60,000 வரை, இ-3 60,000 முதல் 1,80,000 வரை. அகவிலைப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். அடிப்படை ஆண்டு பிந்தியது என்பதால் சதவீதம் மத்திய அரசைவிடக் குறைவு, சுமார் 50. ஆனால் பேசிக்கில் 35 சதவீதம் வரை நிறுவனம் படிகளாகத் தரலாம். பட்டியலிலிருந்து நமக்கு வேண்டியதை நாமே தேர்ந்துகொள்ளும் முறை அது. வீடு அல்லது வாடகைப்படி அதற்கு வெளியே. இ-2இல் 50,000 வாங்குகிறவருக்கு அகவிலைப்படி 25,000, படிகள் 17,500, ஆக 92,500. டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸும் கிடைத்துவிட்டால் வாடகைச் செலவே இல்லை. சென்னையில் நிலை 8இல் இருப்பவர் தன் 95 ஆயிரத்திலிருந்து வாடகையைக் கொடுத்த பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள், யார் கையில் மீதி அதிகம் என்று தெரியும்.

வங்கியில் முதல் நிலை அதிகாரிக்கு இப்போது 48,480இல் தொடங்கி 85,920 வரை. 2024 மார்ச் 8 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் இது, 2022 நவம்பர் 1 முதல் கணக்கு. பழைய அகவிலைப்படியைப் பேசிக்கோடு சேர்த்துவிட்டதால் இப்போதைய அகவிலைப்படி சதவீதம் சின்னது. முந்தைய 36,000 சட்டென்று 48,480 ஆனது பெரிய ஏற்றம்போலத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இந்தச் சேர்ப்புதான். பல வங்கிகள் வாடகைப்படிக்குப் பதிலாக வீட்டை வாடகைக்கு எடுத்துத் தருகின்றன. சென்னை, மும்பை போன்ற ஊரில் அது நல்ல பணம்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். எட்டாவது ஊதியக் குழு நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் அமைந்து, 2025 அக்டோபரில் அதன் ஆய்வு வரம்பும் ஒப்புதலாகிவிட்டது. பொதுத்துறைச் சம்பள விகிதத்தின் பத்தாண்டு 2026 டிசம்பரோடு முடிகிறது. வங்கி ஒப்பந்தத்தின் ஐந்தாண்டு 2027 அக்டோபரோடு முடிகிறது. அதாவது இப்போது தேர்வெழுதிச் சேருகிறவர் வேலையில் காலூன்றுவதற்குள் மேலே நான் எழுதிய எண்கள் எல்லாமே திருத்தத்துக்கு வந்துவிடும். அவற்றை மட்டும் நம்பி முப்பது வருட வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

பொதுத்துறை நிறுவனம்

மனிதவளம் என்ற தொழிலையே முழுதாகக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் என் முதல் பரிந்துரை இதுதான். நெய்வேலி, திருச்சி பி.எச்.இ.எல்., சேலம் உருக்காலை, மணலி சி.பி.சி.எல்., காரைக்கால் ஓ.என்.ஜி.சி. என்று நம் பக்கமே எத்தனை இடங்கள். அங்கே எச்.ஆர். அதிகாரிக்கு ஆள் எடுப்பது ஒரு மூலை வேலை. ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக்குக் குறிப்பு தயாரிப்பது, சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டுக் குறிப்பாணை) எழுதுவது, அதன் மேல் நிறுவனத்துக்குள் விசாரணையை ஒழுங்காக நடத்துவது, ஒப்பந்தத் தொழிலாளர்களின் பி.எஃப்., இ.எஸ்.ஐ. சரியாகக் கட்டப்படுகிறதா என்று பார்ப்பது, கேன்டீன் கமிட்டி, பாதுகாப்புக் கமிட்டி, டவுன்ஷிப் வீடு ஒதுக்கீடு, இறந்துபோன ஊழியரின் குடும்பத்துக்கு வேலை, இதெல்லாம்தான் நாள் முழுக்க. நிலம் எடுக்கும் நிறுவனமாக இருந்தால் நிலம் கொடுத்த குடும்பங்களின் வேலைக் கோரிக்கையும் அதே மேசைக்குத்தான் வரும். நெய்வேலியில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், அந்த மேசையின் கனத்தைச் சொல்வார்கள்.

இந்த அனுபவத்துக்கு வெளியிலும் மதிப்பு உண்டு. ஓசூரிலும் ஒரகடத்திலும் இருக்கிற தொழிற்சாலைகள், பத்து வருடம் யூனியனோடு உட்கார்ந்து பேசிப் பழகிய ஆளைத் தேடி எடுக்கின்றன. அரசு வேலையில் சேர்ந்தும் தனியார் பக்கம் திரும்பிப் போகும் கதவு திறந்தே இருப்பது இந்த ஒரு வழியில்தான்.

உள்ளே நுழைவதுதான் சிரமம். ஓ.என்.ஜி.சி., பவர்கிரிட் போன்றவை யு.ஜி.சி. நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) மதிப்பெண்ணை வைத்து எச்.ஆர். ஆட்களை எடுத்திருக்கின்றன. பாட எண் 55. தொழிலாளர் நலம், பணியாளர் மேலாண்மை, தொழில் உறவுகள், மனிதவள மேலாண்மை எல்லாம் சேர்ந்த தாள். வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது, தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. கோல் இந்தியா, பி.எச்.இ.எல். போன்றவை தாங்களே கணினித் தேர்வு வைத்து எடுத்திருக்கின்றன. எந்த நிறுவனம் எந்த வருடம் அறிவிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே நிறுவனம் இரண்டு மூன்று வருடம் ஒரு எச்.ஆர். இடம்கூட அறிவிக்காமல் இருப்பதும் உண்டு. வயது வரம்பு பெரும்பாலும் 30க்குள். பிற்படுத்தப்பட்டோருக்கு 3 வருடமும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5 வருடமும் தளர்வு. முதுகலையில் 60 சதவீதம் கேட்பார்கள். 58 சதவீதத்தோடு படிப்பை முடித்துவிட்டு அப்புறம் வருந்துகிற பிள்ளைகள் நிறைய. முதல் வருடத்திலேயே இதைத் தெரிந்துகொண்டால் இரண்டு தாளைத் திரும்ப எழுதியாவது சரிசெய்யலாம்.

ஒரே "பயிற்சி அதிகாரி" என்ற பெயரில் எல்லா நிறுவனமும் ஒரே சம்பளம் தருவதில்லை என்பதையும் கவனியுங்கள். கோல் இந்தியாவும் பி.எச்.இ.எல்.லும் பயிற்சியில் 50,000 கொடுத்து, ஒரு வருடம் முடிந்ததும் 60,000 தொடக்கமுள்ள விகிதத்துக்கு ஏற்றின. ஓ.என்.ஜி.சி.யில் நுழைவு நிலையிலேயே 60,000. இ-1இல் தொடங்குகிற நிறுவனமும் உண்டு. அறிவிப்பில் பயிற்சிக் கால விகிதம், அதற்குப் பிந்தைய விகிதம் இரண்டையும் படியுங்கள். பெரும்பாலும் குறிப்பிட்ட வருடங்கள் விலக மாட்டேன் என்று பத்திரம் எழுதிக் கேட்பார்கள், அந்தத் தொகையையும் பாருங்கள்.

நிறுவனம் லாபத்தில் இருக்கிறதா என்பது இங்கே உயிரான கேள்வி. மத்திய அரசு ஊழியருக்கு ஊதியக் குழு முடிவு வந்தால் சம்பளம் ஏறும். பொதுத்துறையில் அப்படி இல்லை. 2017 திருத்தத்தை முழுதாகக் கொடுக்க, கூடுதல் செலவு முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். நஷ்டத்தில் இருந்த பி.எஸ்.என்.எல். அதிகாரிகள் அந்தத் திருத்தம் கிடைக்காமல் 2007 விகிதத்திலேயே நின்றுவிட்டார்கள். செயல்திறன் ஊதியமும் லாபத்திலிருந்துதான். இளநிலை அதிகாரிக்கு வருடத்துக்குப் பேசிக்கில் 40 சதவீதம் வரை என்று உச்சவரம்பு இருக்கிறது. லாபம் இல்லாத வருடம் அது கைக்கு வராது. இணையத்தில் "ஆண்டுக்கு இத்தனை லட்சம்" என்று போடுகிற தொகையில் இந்த ஊதியத்தையும், ஓய்வுக்காகத் தனியே ஒதுக்கும் பணத்தையும் சேர்த்துத்தான் போடுகிறார்கள். மாதாமாதம் அது கைக்கு வராது.

ஊர் விஷயத்தில் ஒளிவு மறைவு வேண்டாம். கோல் இந்தியாவில் சேர்ந்தால் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா சுரங்கப் பகுதிகளில்தான் வாழ்க்கை. பெரிய மின்நிலையங்களும் நகரத்திலிருந்து தள்ளித்தான் இருக்கும். டவுன்ஷிப்பில் பள்ளிக்கூடம், மருத்துவமனை, பூங்கா எல்லாம் இருக்கும். குழந்தை வளர்க்க நல்ல இடம் என்று மனதாரச் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் கணவனோ மனைவியோ சென்னையில் ஐ.டி. வேலை பார்த்தால் என்ன செய்வது என்பதைச் சேருவதற்கு முன்னாலேயே வீட்டில் பேசிவிடுங்கள். இந்தி பேசத் தெரிய வேண்டும். தொழிலாளியோடு அவர் மொழியில் பேச முடியாத எச்.ஆர். அதிகாரியால் எந்த வேலையும் ஆகாது.

வங்கி

பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் அமைப்பான ஐ.பி.பி.எஸ். நடத்தும் சிறப்பு அதிகாரி தேர்வில் "மனிதவள / பணியாளர் அதிகாரி" என்று ஒரு பிரிவு இருக்கிறது. இரண்டு வருட முழுநேர முதுகலை, 20 முதல் 30 வயது. வருடந்தோறும் அறிவிப்பு வருவது இதன் பெரிய பலம். ஆனால் இந்தப் பிரிவுக்கு இடங்கள் குறைவு, நாடு முழுவதற்கும் பத்து, இருபது, முப்பது என்றுதான் இருக்கும். முதல்நிலைத் தேர்வில் கணக்கு, தர்க்கம், ஆங்கிலம். அதைத் தாண்டினால்தான் பாடம் சார்ந்த தாள். எம்.எஸ்.டபிள்யூ. பிள்ளைகள் பாதிப் பேர் கணக்கிலேயே நின்றுவிடுகிறார்கள். நெட் தயாரிப்போடு தினம் ஒரு மணி நேரம் கணக்குக்கும் ஒதுக்கினால் இதை எட்டலாம்.

வேலை பெரும்பாலும் மண்டல அலுவலகத்திலோ தலைமை அலுவலகத்திலோ. இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி. இரண்டுக்கும் தலைமை அலுவலகம் சென்னை என்பதால் நம்மவர்களுக்கு ஒரு நப்பாசை இருக்கும். ஆனால் எந்த வங்கி கிடைக்கும் என்பதை மதிப்பெண்ணும் விருப்ப வரிசையும் முடிவுசெய்யும், எங்கே போடுவார்கள் என்பதை வங்கி முடிவுசெய்யும். டிரான்ஸ்பர் பட்டியல், பதவி உயர்வுத் தேர்வு, ஒழுங்கு நடவடிக்கை, பயிற்சி, இவைதான் அன்றாடம். ஆலையில் கிடைக்கும் தொழில் உறவு அனுபவத்தின் ஆழம் இங்கே கிடைக்காது என்பது என் கருத்து. அதே நேரம் பதவி உயர்வு வேகம். இரண்டாம் நிலைக்குச் சில வருடங்களில் போய்விடலாம், அங்கே தொடக்கம் 64,820. பிறகு பொது வங்கிப் பணிக்கு மாறி, கிளை மேலாளர் ஆகிறவர்களும் உண்டு. எச்.ஆர். என்ற பெயர் முக்கியமில்லை, நிலையான நல்ல வேலை போதும் என்பவருக்கு இது பொருந்தும்.

ரயில்வே

இதைப் பற்றிப் பிள்ளைகளுக்குத் தெரியவே தெரிவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். ரயில்வே தேர்வு வாரியத்தின் 'மினிஸ்டீரியல் மற்றும் தனிப் பிரிவுகள்' அறிவிப்பில் 'ஸ்டாஃப் அண்ட் வெல்ஃபேர் இன்ஸ்பெக்டர்' என்று ஒரு பதவி வரும். நிலை 6, தொடக்கம் 35,400. தொழிலாளர் நலம் அல்லது சமூக நலத்தில் பட்டயம், தொழிலாளர் சட்டம் படித்த சட்டப் பட்டம், எச்.ஆர். எம்.பி.ஏ. என்று பல வழிகளில் தகுதி வரும். 35,400 என்ற எண்ணைப் பார்த்ததும் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள்.

வேலை என்ன என்று பாருங்கள். பணியில் இறந்த டிராக்மேனின் (தண்டவாளப் பராமரிப்புத் தொழிலாளி) வீட்டுக்குப் போய், மனைவியிடமும் பிள்ளைகளிடமும் ஆவணங்கள் வாங்கி, குடும்ப ஓய்வூதியமும் கருணை அடிப்படை வேலையும் கிடைக்க வழி செய்வது. வீடு, சம்பளம், மருத்துவம் பற்றிய புகார்களைக் கேட்டு பெர்சனல் பிராஞ்சில் (பணியாளர் பிரிவு) முடித்துக் கொடுப்பது. யூனியன்களோடு நடக்கும் நிரந்தரப் பேச்சுவார்த்தைக் கூட்டத்துக்கு விவரம் திரட்டுவது. எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர் கல்லூரியில் கற்றுக்கொண்ட அத்தனையும் நேரடியாகப் பயன்படுகிற அரசு வேலை இதைப்போல எனக்குத் தெரிந்து இன்னொன்று இல்லை. தெற்கு ரயில்வேயின் ஆறு கோட்டங்களில் சென்னை, திருச்சி, மதுரை, சேலம் நான்கும் இங்கேயே இருக்கின்றன. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, பொன்மலைப் பணிமனை தனி. குடும்பத்துக்கு இலவசப் பயணச் சீட்டு, ரயில்வே மருத்துவமனை. உள்தேர்வு எழுதி உதவிப் பணியாளர் அதிகாரி ஆகும் வழியும் இருக்கிறது. அதற்கு ஆண்டுகள் பிடிக்கும், அது உண்மை.

மேலே நேரடியாகச் சேர வேண்டுமென்றால் சிவில் சர்வீசஸ் தேர்வுதான். முன்பு இந்திய ரயில்வே பணியாளர் சேவை என்று தனியாக இருந்தது. 2019 டிசம்பரில் எட்டு சேவைகளை ஒன்றாக்க முடிவெடுத்தார்கள். இப்போது ரயில்வே மேலாண்மை சேவையில் பணியாளர் பிரிவாக சிவில் சர்வீசஸ் மூலம் ஆள் எடுக்கிறார்கள். அதற்குத் தயாராகிறவருக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

சட்டத்தின் பக்கம்

இ.பி.எஃப்.ஓ. (பி.எஃப். ஆபீஸ் என்று நாம் சொல்வது) அமலாக்க அதிகாரி, உதவி வருங்கால வைப்பு நிதி ஆணையர், மத்தியத் தொழிலாளர் உதவி ஆணையர், தமிழ்நாடு தொழிலாளர் துறைப் பதவிகள் இவையெல்லாம் எச்.ஆர். வேலைகள் அல்ல. நிறுவனத்தின் எச்.ஆர். சட்டப்படி நடக்கிறாரா என்று பார்க்கிற வேலைகள். எச்.ஆர். படித்தவர்கள் அதிகம் குறிவைப்பது இவற்றை என்பதால் ஒப்பீட்டில் சேர்க்கிறேன்.

இ.பி.எஃப்.ஓ. தேர்வை யு.பி.எஸ்.சி. நடத்துகிறது. அமலாக்க அதிகாரி / கணக்கு அதிகாரி நிலை 8, வயது வரம்பு 30. உதவி ஆணையர் நிலை 10, வரம்பு 35. எந்தப் பட்டமும் போதும். பாடத்திட்டத்தில் தொழில் உறவுகள், தொழிலாளர் சட்டம், சமூகப் பாதுகாப்பு இருப்பதால் நமக்குக் கொஞ்சம் முன்னிலை. ஆனால் கணக்கியல், வரலாறு, பொது அறிவியல் என்று மற்றதும் நிறைய. 2020இல் 421 அமலாக்க அதிகாரி இடங்கள் வந்தன, அந்தத் தேர்வு கொரோனாவால் 2021 செப்டம்பரில்தான் நடந்தது. 2023இல் 418 இடங்களும் உதவி ஆணையருக்கு 159 இடங்களும். 2025இல் 156, 74. இரண்டு மூன்று வருட இடைவெளியை கவனியுங்கள். 28 வயதில் ஒரு முறை தவறவிட்டால், பொதுப் பிரிவினருக்கு அமலாக்க அதிகாரிக்கான அடுத்த வாய்ப்பு வராமலே போகலாம். இதை மட்டும் நம்பி வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து படிப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வேலை பி.எஃப். கட்டாத நிறுவனங்களைக் கண்டுபிடிப்பது, பாக்கியைக் கணக்கிட்டு வசூலிப்பது, தொழிலாளியின் கணக்கைத் தீர்த்துக் கொடுப்பது. ஒரு நிறுவனம் எவ்வளவு பி.எஃப். கட்ட வேண்டும் என்று தீர்மானிக்கும் விசாரணையை, 7ஏ விசாரணை என்று இன்றும் எல்லோரும் சொல்வதை, நடத்தும் உதவி ஆணையர் கிட்டத்தட்ட நீதிபதி இடத்தில் இருக்கிறார். சட்டம் பிடித்தவருக்கு இது நிறைவான வேலை. ஆட்களோடு பழகி, ஒரு குழுவை வளர்த்து, அவர்கள் முன்னேறுவதைப் பார்க்க ஆசைப்பட்டு எச்.ஆர். படித்தவருக்கு இரண்டு வருடத்தில் கோப்புகளும் கணக்கும் அலுத்துப்போகும். பெண் ஊழியர்களுக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு மொத்தப் பணிக்காலத்தில் 730 நாள் என்பது மத்திய அரசின் நல்ல அம்சம். கைக்குழந்தையோடு இருக்கும் பெண்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

மத்தியத் தொழிலாளர் உதவி ஆணையர் பதவி நிலை 10. வங்கி, துறைமுகம், ரயில்வே, சுரங்கம் போன்ற மத்திய வரம்பில் வரும் தொழில்களில் தகராறு வந்தால் இரு தரப்பையும் அழைத்துப் பேசி முடிக்கிற வேலை. மிக அரிதாகத்தான் அறிவிப்பு வரும். மாநிலத்தில், 2025 குரூப் 1 அறிவிப்பில் தொழிலாளர் உதவி ஆணையர் பதவியும் இருந்தது. சம்பளம் நிலை 22, 56,100 முதல் 2,05,700 வரை. அதற்குத் தொழிலாளர் மேலாண்மை சார்ந்த படிப்பு கேட்கிறார்கள் என்பதால் துணை ஆட்சியர் பதவிக்கு மோதுகிற கூட்டம் முழுக்க இதற்குள் வர முடியாது. தமிழ்நாட்டில் வாடகைப்படி சதவீதக் கணக்கில் இல்லாமல் தொகையாக வருவதால் மத்திய அரசைவிடக் குறையும். ஆனால் தமிழில் பணி, தமிழ்நாட்டுக்குள் மாறுதல், ஒரு மாவட்டத்தின் குறைந்தபட்சக் கூலியையும் கொத்தடிமை மீட்பையும் நேரடியாகத் தொடும் அதிகாரம். பணம் கொஞ்சம் குறைந்தாலும் இந்த வேலையை நான் மேலே வைப்பேன்.

இந்தத் தேர்வுகளுக்குப் படிக்கிறவர்கள் கையிலிருக்கும் புத்தகத்தின் வருடத்தைப் பாருங்கள். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன, 29 பழைய சட்டங்கள் அவற்றுக்குள் போய்விட்டன. நிலையாணைகள் (நிறுவனத்தின் பணி விதிகள்) 300 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடங்களுக்கு என்று மாறியது. தொழிற்சாலையில் நல அலுவலர் 500 பேருக்கு என்றிருந்தது 250 ஆனது. வேலைநிறுத்தத்துக்கு எல்லாத் தொழிலிலும் 14 நாள் முன்னறிவிப்பு. குறித்த கால ஊழியருக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை. பழைய கைடை வைத்துப் படித்தால் எளிதான கேள்விகளையே விட்டுவிடுவோம்.

அப்போ எதை எடுப்பது?

22, 23 வயதுதான் ஆகிறது, வெளி மாநிலம் போகத் தயங்காதவர் என்றால் பொதுத்துறையை முதலில் வையுங்கள். நெட் வருடத்துக்கு இரண்டு முறை வருவதால் தயாரிப்பு வீணாகாது. பொதுத்துறை கிடைக்காவிட்டாலும் அதே படிப்பு ஐ.பி.பி.எஸ். பாடத்தாளுக்கும் இ.பி.எஃப்.ஓ. தொழிலாளர் சட்டப் பகுதிக்கும் உதவும், கல்லூரி ஆசிரியர் பணிக்கும் தகுதியாகும். வங்கித் தேர்வைப் பக்கத்திலேயே எழுதிக்கொண்டிருங்கள். வங்கி கிடைத்துவிட்டால் சேர்ந்துவிடுங்கள். வேலையில் இருந்துகொண்டு அடுத்த தேர்வை எழுதுகிறவர் நேர்முகத்தில் நிதானமாகப் பேசுகிறார்.

27, 28 ஆகிவிட்டது, தனியார் நிறுவனத்தில் எச்.ஆர். வேலையில் இருக்கிறீர்கள் என்றால் பொதுத்துறை வாசல் சீக்கிரம் மூடும். உதவி ஆணையர் தேர்வுக்கு 35 வரை நேரம் இருக்கிறது. சம்பளப் பட்டியல், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பார்த்த அனுபவம் அந்தத் தேர்வில் படித்ததை நினைவில் நிறுத்தும். வேலையை விடாமல் படியுங்கள்.

ஊரை விட்டுப் போக முடியாத நிலை பலருக்கு உண்டு. வயதான பெற்றோர், உடல்நலம் சரியில்லாத குழந்தை, கணவரின் தொழில் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அதைக் குறையாக நினைக்க வேண்டாம். ரயில்வே நல ஆய்வாளர், தமிழ்நாடு தொழிலாளர் துறை இரண்டையும் முதல் வரிசையில் வையுங்கள். மாதம் இருபதாயிரம் குறைகிறதே என்று தோன்றினால், வெளியூரில் தனி வாடகை, போக்குவரத்து, வீட்டில் பெற்றோரைப் பார்க்க ஆள் வைக்கும் செலவு எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

ஓய்வூதியத்தை வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை. மத்திய அரசில் 2004 ஜனவரி முதலும், வங்கியில் 2010 ஏப்ரல் முதலும் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. மத்திய அரசில் மட்டும் 2025 ஏப்ரல் முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைத் தேர்வுசெய்யலாம்; 25 வருடப் பணி முடித்தால் கடைசி 12 மாதச் சராசரிப் பேசிக்கில் பாதி உறுதி. பொதுத்துறையில் பேசிக்கும் அகவிலைப்படியும் சேர்ந்ததில் 30 சதவீதம் வரை பி.எஃப்., பணிக்கொடை, ஓய்வூதியம், ஓய்வுக்குப் பிந்தைய மருத்துவம் நான்குக்கும் ஒதுக்குகிறார்கள். மாதாமாதம் உறுதியான தொகை வேண்டும் என்பவருக்கு மத்திய அரசு, சேர்ந்த பணம் பெருகட்டும் என்பவருக்குப் பொதுத்துறை.

கடைசியாக, எந்த வழியில் போனாலும் இப்போதே செய்ய வேண்டிய ஒன்று. உங்கள் பட்டச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். வெறும் "எம்.பி.ஏ." என்றோ "எம்.எஸ்.டபிள்யூ." என்றோ மட்டும் இருந்தால், மனிதவளமோ தொழிலாளர் நலமோதான் சிறப்புப் பாடம் என்று பல்கலைக்கழகத்திடம் முத்திரையோடு கடிதம் வாங்கிவையுங்கள். கிரேடு முறையில் மதிப்பெண் இருந்தால் சதவீதமாக மாற்றும் முறைக்கும் கடிதம் வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறி, நேர்முகத்துக்கு முந்தைய சான்றிதழ் சரிபார்ப்பில் இந்த இரண்டு தாள்கள் இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழுக்கும் இதே கவனம் வேண்டும்: மத்திய அரசு வேலைக்கு மத்திய அரசின் படிவத்தில், அறிவிப்பு கேட்கும் தேதிக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். மாநிலப் படிவத்தை நீட்டினால் ஏற்க மாட்டார்கள்.